இகரம் தொலைத்த விசைப்பலகைக்கு வெள்ளி மை

என் விசைப்பலகையிலிருந்து இ, ஈ, ஓ மூன்றும் ஒரே நாளில் போய்விட்டன. தமிழ்99 முறையில் தட்டச்சு செய்பவர்களுக்கு இந்த இழப்பு உடனே விளங்கும். ‘மின்சாரம்’ என்று அடித்தால் ‘மன்சாரம்’ என்று வருகிறது. ‘வெள்ளி’ ‘வெள்ள’ ஆகிவிடுகிறது. கூடவே 2 என்ற எண்ணும் வேலை செய்யவில்லை. விசைகளின் மேல் பொறித்திருக்கும் ஆங்கில எழுத்துகளில் சொன்னால் டபிள்யூ, எஸ், எக்ஸ், 2. நான்கும் மேலிருந்து கீழாக ஒரே சாய்வில் இருப்பவை. நான்கு விசைகள் தனித்தனியே ஒரே நாளில் பழுதாவதில்லை. அவற்றுக்குப் பொதுவான ஒரு கம்பி அறுந்திருக்க வேண்டும். கம்பி என்பது பழக்கத்தில் வரும் சொல். இந்த வகை விசைப்பலகைக்குள் கம்பியே கிடையாது. அங்கே இருப்பது அச்சிட்ட வெள்ளி மை.

இரண்டு வாரங்களுக்கு முன்பு அதன்மேல் ஒரு குவளைத் தண்ணீர் கொட்டியிருந்தது. துடைத்து, கவிழ்த்து வைத்து, மறுநாளே பயன்படுத்தத் தொடங்கிவிட்டேன். எல்லா விசைகளும் வேலை செய்ததால் உள்ளே திறந்து பார்க்கத் தோன்றவில்லை. அந்த இரண்டு வாரமும் உள்ளே என்ன நடந்தது என்பது திறந்த பிறகுதான் தெரிந்தது.

திருகாணிகளை நீக்கி மூடியை எடுத்தால் முதலில் ரப்பர் குமிழ்கள் நிறைந்த ஒரு விரிப்பு. அதற்கடியில் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று பாலியெஸ்டர் தாள்கள். மேல்தாளிலும் கீழ்த்தாளிலும் சாம்பல் நிறத்தில் மெல்லிய தடங்கள் ஓடுகின்றன. நடுத்தாளில் தடம் எதுவும் இல்லை, விசை வரும் இடங்களில் வட்டத் துளைகள் மட்டும். விசையை அழுத்தினால் மேல்தாளின் வட்டம் துளை வழியே இறங்கிக் கீழ்த்தாளின் வட்டத்தைத் தொடும், விட்டால் விலகிவிடும். நூறு விசைக்கு நூறு தடம் போடாமல், வரிசை, நிரல் என்று கட்டம் கட்டமாகப் பின்னியிருப்பார்கள். என் நான்கு விசைகளும் ஒரே நிரலில் இருந்தன.

அந்த நிரலின் தடத்தை விரலால் தொடர்ந்து போனபோது, ஓரத்தில் ஓரிடத்தில் கறுப்புத் திட்டு ஒன்று தென்பட்டது. உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். ஏறக்குறைய 12 மில்லிமீட்டர் நீளத்துக்குத் தடம் அரிக்கப்பட்டு, கண்ணாடிபோல் ஒளி ஊடுருவியது. பக்கத்துத் தடத்திலிருந்தோ, சின்னஞ்சிறு பெரணி இலைகள்போலக் கறுத்த கிளைகள் இதை நோக்கி வளர்ந்திருந்தன. இது வெள்ளிக்கே உரிய நோய். ஈரம் இருக்கும்போது இரு தடங்களுக்கிடையே ஒரே திசையில் மின்னழுத்தம் நின்றால், நேர்முனைத் தடத்து வெள்ளி அயனியாகக் கரைந்து எதிர்முனைக்குப் போய் அங்கே மீண்டும் உலோகமாகப் படிகிறது. ஒரு தடம் தேய, அதன் அண்டைத் தடம் கிளைவிடுகிறது. முலாம் பூசும் தொட்டியில் நடப்பதும் இதேதான். என் விசைப்பலகைக்குள் இரண்டு வாரமாக மெல்லிய நீர்ப்படலத்தில் முலாம் பூச்சு நடந்துகொண்டிருந்திருக்கிறது.

எனவே முதல் வேலை மை பூசுவது ஆகாது, கழுவுவதுதான். காய்ச்சி வடித்த நீரில் நனைத்த பஞ்சால் துடைத்து, பிறகு ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்தேன். பெரணிக் கிளைகளை மரக் குச்சியின் கூர்மையால் சுரண்டி எடுக்க வேண்டியிருந்தது. எடுப்பதற்கு முன் இரு தடங்களுக்கிடையே 40 கிலோஓம் மின்தடை காட்டிய மல்டிமீட்டர், எடுத்த பின் இணைப்பே இல்லை என்று காட்டியது. இதைச் செய்யாமல் மேலே மை பூசியிருந்தால், அறுந்ததைச் சேர்த்த கையோடு சேரக் கூடாததையும் சேர்த்திருப்பேன்.

அடுத்து, எவ்வளவு நல்ல மை தேவை என்பதைக் கணக்கிட்டேன். அச்சிட்ட மின்சுற்றுகளில் வேலை செய்பவர்கள் மின்தடையைச் ‘சதுரத்துக்கு இத்தனை ஓம்’ என்று சொல்வார்கள். முதலில் கேட்கும்போது விந்தையாக இருக்கும். ஒரே தடிமனுள்ள படலத்திலிருந்து ஒரு சதுரத்தை வெட்டி எடுத்து, எதிரெதிர்ப் பக்கங்களுக்கிடையே அளந்தால், சதுரம் சிறியதோ பெரியதோ மின்தடை ஒன்றேதான். நீளம் இரட்டித்தால் தடை கூடுகிறது. அகலமும் இரட்டிப்பதால் அதே அளவு குறைகிறது. ஆகவே ஒரு தடத்தின் நீளத்தை அகலத்தால் வகுத்தால் அதில் எத்தனை சதுரங்கள் என்பது கிடைக்கும். மையின் சதுரத் தடையால் பெருக்கினால் தடத்தின் தடை கிடைக்கும். மை வாங்கும்போதும் செய்யும்போதும் இந்த ஒரு எண்ணை மனத்தில் வைத்திருந்தால் போதும்.

சேதமடையாத பக்கத்துத் தடத்தை அளந்தேன். நீளம் 240 மில்லிமீட்டர், அகலம் 0.8 மில்லிமீட்டர்; அதாவது 300 சதுரங்கள். மல்டிமீட்டர் 15.3 ஓம் காட்டியது. அதன் முனைகளைத் தம்முள் தொட வைத்தால் வரும் 0.3 ஓமைக் கழித்தால் 15. எனவே சதுரத்துக்கு 0.05 ஓம். வழக்கமான சர்க்கிட் போர்டில் இருக்கும் 35 மைக்ரான் செப்புத் தகட்டில் இது சதுரத்துக்கு அரை மில்லிஓம்தான். நூறு மடங்கு வேறுபாடு! வெள்ளி செம்பைவிடச் சற்று நன்றாகவே மின்சாரத்தைக் கடத்தும் என்பது பாடப்புத்தகச் செய்தி. ஆனால் வெள்ளி மை வேறு, வெள்ளி வேறு. படலம் மெல்லியது என்பது ஒரு காரணம். பெரிய காரணம், உலோகம் அங்கே ஒரே உடலாக இல்லை என்பது. செதில் செதிலான வெள்ளித் துகள்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடக்க, ஒரு பிசின் அவற்றைப் பிடித்து வைத்திருக்கிறது. மின்சாரம் செதிலுக்குச் செதில் தாவித்தான் போக வேண்டும். ஒவ்வொரு தொடுபுள்ளியும் அதற்கு ஓர் இடறல்.

இந்தத் தொடுதல் எப்போது நிகழ்கிறது என்பதுதான் கடத்தும் மையின் உயிர்நிலை. அதை நான் புரிந்துகொண்டது கரியில் தோற்ற பிறகு.

கையில் கிராஃபைட் தூள் இருந்தது. விசைப்பலகையின் கட்டுப்பாட்டுச் சில்லு எவ்வளவு தடையைப் பொறுத்துக்கொள்ளும் என்று, ஒரு மாறு மின்தடையை இரு தடங்களுக்கிடையே இணைத்துப் பார்த்தேன். 5 கிலோஓம் வரை விசை அழுத்தப்பட்டதாக எடுத்துக்கொண்டது; அதற்கு மேல் சில நேரம் எடுத்தது, சில நேரம் விட்டது. அப்படியானால் 12 மில்லிமீட்டர் இடைவெளியை நிரப்பக் கரி மையே போதும். ஒரு மில்லிமீட்டர் அகலத்தில் போட்டால் 12 சதுரங்கள். சதுரத்துக்கு 400 ஓம் இருந்தாலும் 4.8 கிலோஓம். கணக்கு எல்லைக்குள்தான் இருந்தது, ஆனால் விளிம்பில்.

முதலில் வெள்ளைப் பசையில் கிராஃபைட்டைக் குழைத்தேன். நீர் கலந்த பசை பாலியெஸ்டர்மேல் பரவாமல், தாமரை இலைத் தண்ணீர்போல் உருண்டு நின்றது. நிறமற்ற நகப்பூச்சுக்கு மாறினேன். அதன் கரைப்பான் தாளில் நன்றாகப் படிந்தது. எடையில் நான்கு பங்கு நகப்பூச்சுக்கு ஒரு பங்கு கிராஃபைட் போட்டேன். கன்னங்கரேலென்று அழகான கோடு. மல்டிமீட்டரில் இணைப்பு இல்லை. கிராஃபைட்டைக் கூட்டியபோது 60 கிலோஓம் வந்தது. சம பங்குக்கு வந்ததும் திடீரென்று 2.8 கிலோஓமுக்கு இறங்கியது. இந்தத் திடீர் இறக்கம் தற்செயலன்று. துகள்கள் குறைவாக இருக்கும்வரை அவை பிசினுக்குள் தனித்தனித் தீவுகள். ஓர் அளவைத் தாண்டியதும் கரைக்குக் கரை தொடும் பாதை ஒன்று உருவாகிவிடுகிறது. அந்த அளவுக்குக் கீழே எத்தனை கறுப்பாக இருந்தாலும் அது வெறும் சாயம்.

உலர்ந்த கோட்டைக் கரண்டியின் பின்புறத்தால் அழுத்தித் தேய்த்தால் பளபளப்பு ஏறி, தடை 900 ஓமாகக் குறைந்தது. தட்டையான கிராஃபைட் தகடுகள் படிந்து நெருங்குவதால் வரும் பயன் இது. செய்பவர்கள் தவறாமல் செய்து பாருங்கள். தேய்த்தலைப் போலவே புகைக்கரித் தூளைச் சிறிது சேர்ப்பதும் உதவும். கிராஃபைட் தகடுகளுக்கிடையே உள்ள சந்துகளை அதன் நுண்துகள்கள் நிரப்பும். தொழிற்சாலைக் கரி மைகளிலும் இந்தக் கூட்டு உண்டு.

விசைப்பலகையை மூடிப் பார்த்தேன். இகரம் திரும்பிவிட்டது! நான்கு நாள் வேலை செய்தது. ஐந்தாம் நாள் விட்டுவிட்டு வந்தது, ஆறாம் நாள் நின்றுவிட்டது. திறந்து பார்த்தால் கோட்டின் குறுக்கே மயிரிழை விரிசல்கள். சம பங்கு தூள் போட்டதால் பிசின் போதவில்லை. தாள் வளையும்போது மை வளைய மறுத்துவிட்டது. கடத்துவதற்குத் தூள் கூட வேண்டும், ஒட்டுவதற்குப் பிசின் கூட வேண்டும். இந்த இழுபறியைத் தீர்த்து வைக்கும் கலவைக்குத்தான் மை தயாரிப்பவர்கள் அவ்வளவு உழைக்கிறார்கள். கரி மை தாழ்ந்தது என்று சொல்ல எனக்கு மனமில்லை. என் விசைப்பலகையிலேயே, தாள்களின் வால்போன்ற நீட்சி இணைப்பானுக்குள் நுழையும் இடத்தில் வெள்ளியின் மேல் கரி மை பூசியிருக்கிறது. அது தேய்மானத்தைத் தாங்கும், கறுத்துப் போகாது, வெள்ளி ஊர்வதையும் தடுக்கும். அதற்குரிய இடம் தொடுமுனை. நீண்ட தடத்துக்கு வெள்ளிதான் வேண்டும்.

எனவே வெள்ளி மையில் ஒரு சிறு குப்பி வாங்கினேன்: அக்ரிலிக் பிசினில் வெள்ளிச் செதில்கள், ஆவியாகும் கரைப்பான். முதல் சோதனைக் கோட்டை வீணான ஒரு பாலியெஸ்டர் துண்டின்மேல் போட்டேன். உலர்ந்ததும் மங்கலாக, ஒளி ஊடுருவும் அளவுக்கு மெலிந்திருந்தது. 400 ஓமுக்கு மேல் காட்டியது. மை மோசம் என்று முடிவுகட்டும் முன் குப்பியின் அடியைக் குச்சியால் தொட்டுப் பார்த்தேன். களிமண்போல வெள்ளி முழுவதும் அங்கே உறங்கிக்கொண்டிருந்தது. நான் தொட்டு எழுதியது மேலே நின்ற பிசின் நீரை. வெள்ளி கனமான உலோகம், தண்ணீரைப்போல் பத்து மடங்குக்கும் மேல் அடர்த்தி. கரைப்பானில் அது மிதந்து நிற்காது. குலுக்கினால் மட்டும் போதவில்லை, குமிழிகள்தான் வந்தன. கண்ணாடிக் குச்சியால் அடிவரை ஐந்து நிமிடம் நிதானமாகக் கலக்கியதும், பாலேடுபோல ஒரே சீராக வந்தது.

கோடு போடத் தூரிகை வேண்டாம் என்று முடிவு செய்தேன். ஒட்டுநாடா இரண்டு துண்டுகளை ஒரு மில்லிமீட்டர் இடைவெளிவிட்டு இணையாக ஒட்டி, நடுவில் ஒரு துளி மை வைத்து, பழைய பிளாஸ்டிக் அட்டையின் விளிம்பால் ஒரே இழுப்பாக இழுத்தேன். நாடாவின் தடிமனே ஈரப் படலத்தின் தடிமனைத் தீர்மானித்துவிடுகிறது. இது அச்சுத் தொழிலின் திரை அச்சு முறைக்கு நெருங்கிய உறவு. அங்கே திரையின் வலைக்கண்ணும் அதன்மேல் இட்ட பூச்சும் தடிமனைத் தருகின்றன. ரப்பர் விளிம்பு மையைத் தள்ளுகிறது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கர்கள் செய்த, இலக்கை நெருங்கியதும் குண்டை வெடிக்க வைக்கும் அண்மை வெடியூக்கிகளுக்கான சுற்றுகளை இப்படித்தான் பீங்கான் தகடுகளில் வெள்ளிப் பசையாகத் திரை அச்சிட்டுச் சூளையில் சுட்டார்கள். இன்று சூரிய மின்கலத்தின் முகத்தில் தெரியும் மெல்லிய கோடுகளும், கார்களின் பின்கண்ணாடியில் பனிநீரைப் போக்கும் சூடேற்றிக் கோடுகளும் அதே குடும்பம்தான். ஒரு வேறுபாடு முக்கியமானது: அவை உயர் வெப்பத்தில் சுடப்படுபவை. அங்கே பிசின் எரிந்துபோய் வெள்ளித் துகள்கள் உருகாமலேயே ஒன்றோடொன்று பிணைந்து ஒட்டிக்கொள்கின்றன. பாலியெஸ்டர் தாளில் அந்தச் சலுகை கிடையாது.

நாடாவை எடுக்க வேண்டிய தருணம், மை பளபளப்பு இழந்து இன்னும் முழுதாக இறுகாத நேரம். முற்றிலும் உலரவிட்டு உரித்தால் விளிம்பும் கூடவே உரிந்து வரும். கோட்டின் இரு முனைகளும் பழைய தடத்தின் மேல் குறைந்தது மூன்று மில்லிமீட்டர் ஏறியிருக்க வேண்டும். பழைய தடத்தின் மேல் ஒரு காப்புப் பூச்சு இருந்தது. அதைப் பென்சில் அழிப்பானால் மெதுவாகத் தேய்த்து நீக்கிய பிறகே வெள்ளி தொட்டது.

இப்போது அளவீடுகள். பூசிப் பத்து நிமிடத்தில் 9 ஓம். ஒரு மணி நேரத்தில் 2.1. மறுநாள் காலையில் 1.4. கோட்டில் கண்ணுக்கு எந்த மாற்றமும் இல்லை. தொட்டால் பத்தாவது நிமிடத்திலேயே உலர்ந்துதான் இருந்தது. ஆனால் கரைப்பானின் கடைசிப் பங்கு வெளியேற வெளியேறப் பிசின் சுருங்குகிறது. அந்தச் சுருக்கம்தான் செதில்களை இழுத்து ஒன்றோடொன்று அழுத்துகிறது. மை பூசும்போது கடத்துவதில்லை. சுருங்கும்போது கடத்தத் தொடங்குகிறது. பத்து நிமிடத்தில் அளந்து ‘போதவில்லை’ என்று மேலும் ஒரு பூச்சு போட்டிருந்தால் உள்ளே கரைப்பான் சிறைப்பட்டிருக்கும்.

வெப்பம் இந்தச் சுருக்கத்தை நிறைவு செய்யும். வேறொரு சோதனைத் துண்டில் சூடான காற்றுத் துப்பாக்கியை நேராகக் காட்டி ஒரு பாடம் கற்றேன்: மேற்பரப்பு முதலில் தோலாக இறுகி, அடியிலிருந்த கரைப்பான் கொதித்து ஊசித் துளைகளாக வெடித்தது, தாளும் ஓலைபோலச் சுருண்டது. பாலியெஸ்டர் 250 டிகிரிக்கு மேல்தான் உருகும் என்றாலும் 80 டிகிரியை நெருங்கும்போதே இளகத் தொடங்குகிறது. உண்மையான தாளுக்கு, இரு கண்ணாடித் தட்டுகளுக்கு நடுவே ஓரங்களைப் பிடித்து, கோட்டுப் பகுதி மட்டும் திறந்திருக்கும்படி வைத்து, வெப்பமானியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தலைமுடி உலர்த்தியால் 65 முதல் 70 டிகிரிக்குள் அரை மணி நேரம் சூடாக்கினேன். தடை 0.7 ஓமுக்கு வந்தது. 12 சதுரங்களுக்கு 0.7 என்றால் சதுரத்துக்கு 0.06 ஓம், தொழிற்சாலை அச்சின் 0.05க்கு அருகில். அந்த எண்ணைப் பார்த்தபோது ஏற்பட்ட மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை.

மூடும் முன் ஒரு தவறு நேர இருந்தது. கோட்டைக் காக்க மேலே நகப்பூச்சு பூசலாம் என்று நினைத்து, நல்லவேளையாகச் சோதனைத் துண்டில் முதலில் பூசினேன். அதன் கரைப்பான் அக்ரிலிக் பிசினை மீண்டும் இளக்கி, வெள்ளி இழுபட்டுத் தடை பத்து மடங்கானது. எனவே உண்மையான கோட்டின் மேல் மெல்லிய பாலியெஸ்டர் ஒட்டுநாடாவை மட்டும் ஒட்டினேன், விசை வட்டங்களுக்கு அருகில் போகாதபடி. அங்கே தடிமன் கூடினால் விசை தானாகவே அழுந்தி நிற்கும்.

சாலிடரிங் செய்தால் என்ன என்று கேட்பவர்களுக்காக அதையும் ஒரு துண்டில் செய்து பார்த்தேன். உருகிய வெள்ளீயம் தொட்டதும் வெள்ளிக் கோடு அதில் கரைந்து காணாமல் போனது. தாள் சுருங்கிக் குழிந்தது. பாலியெஸ்டர்மேல் உள்ள வெள்ளி மைக்கு அழுத்தத் தொடுகையோ, கடத்தும் எப்பாக்ஸி பசையோதான் ஏற்றது. அதுபோலவே மின்னோட்டத்துக்கும் ஒரு வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். இந்த நிரல் தடத்தின் 15 ஓமில் ஓர் ஒளி உமிழ் டையோடுக்கான 20 மில்லிஆம்பியரை ஓட்டினாலே 0.3 வோல்ட் வழியில் போய்விடும். விசைப்பலகையில் ஓடுவது மிகச் சிறிய மின்னோட்டம் என்பதால் அது பொருட்டில்லை.

குப்பியில் மை மீந்ததும் ஆசை வளர்ந்தது. செதில் மையை அச்சுப்பொறியில் ஊற்றவே கூடாது. முனைத் துளைகள் சில பத்து மைக்ரான்தான், ஒரே நாளில் அடைத்துவிடும். அதற்கு நானோ துகள் மை வேண்டும். 2013-இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தின் யோஷிஹிரோ கவஹரா உள்ளிட்ட குழுவினர், சாதாரண இங்க்ஜெட் அச்சுப்பொறியில் அத்தகைய வெள்ளி மையை ஊற்றிச் சுற்றுகளை அச்சிட்டுக் காட்டினார்கள்; சூடேற்றாமலேயே அது கடத்தியது. நானோ துகள்கள் திரண்டுவிடாமல் ஒரு கரிமப் போர்வை காக்கிறது. அந்தப் போர்வை விலகினால்தான் அவை தம்முள் ஒட்டும். வேதிப்பொருளால் போர்வையைக் கழற்றுவதே அந்த உத்தி. நண்பர் ஒருவர் தந்த சில துளிகளைத் தூரிகையால் புகைப்படத் தாளில் போட்டேன், சில நிமிடங்களில் சில ஓம்களுக்கு வந்தது. சாதாரணத் தாளில் போட்ட அதே கோடு இழைகளுக்குள் உறிஞ்சப்பட்டு, இணைப்பே காட்டவில்லை. போர்வை கழலுமா என்று, சாதாரணத் தாளில் போட்ட மற்றொரு கோட்டின்மேல் உப்பு நீர் தடவிப் பார்த்தேன், அதுவும் தேறவில்லை. தாள்தான் பாதி மை என்று இப்போது நினைக்கிறேன்.

துகளே இல்லாத மையும் உண்டு. 2012-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் வாக்கரும் ஜெனிஃபர் லூயிஸும் வெள்ளி அசிட்டேட், அம்மோனியா, ஃபார்மிக் அமிலம் ஆகியவற்றிலிருந்து தெளிந்த கரைசலாக ஒன்றைச் செய்தார்கள். 90 டிகிரியில் அது திண்ம வெள்ளிக்கு இணையாகக் கடத்தியது. படிக்கும்போது வீட்டில் செய்யலாம் என்று தோன்றும். நான் செய்யவில்லை, நீங்களும் ஆய்வகமும் பயிற்சியும் இல்லாமல் செய்ய வேண்டாம். அம்மோனியா கலந்த வெள்ளிக் கரைசல்களை வைத்திருந்தால் தொட்டாலே வெடிக்கும் சேர்மங்கள் அவற்றில் உருவாகலாம்.

பழுது பார்த்து ஏழு வாரங்கள் ஆகின்றன. நேற்று மீண்டும் திறந்து அளந்தேன்: ஒட்டிய பகுதி 0.8 ஓம், முழுத் தடமும் 15.6 ஓம். பெரணிக் கிளைகள் எங்கும் இல்லை. குப்பியின் மூடியை இறுக்கி, இம்முறை தலைகீழாக வைத்திருக்கிறேன். அடுத்த முறை திறக்கும்போது வெள்ளி குச்சிக்கு எட்டும் பக்கத்தில் இருக்கும்.